தாமரையும் சிராவகர் கடமையும்

அருகதேவரின் திருவடி தாங்கிய மலர் தாமரை. ஆறாம் தீர்த்தங்கரராகிய பத்மப்பிரபரின் இலாஞ்சனமும் அதுவே. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில், சமவசரணத் தடாகத்தில் பவ்வியர்கள் தாமரை கொய்யும் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. ஆம்பூரை அடுத்த மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களிலும் தாமரை உண்டு. இத்தகைய செடியைச் சிராவகர் எவ்வாறு பயன்கொள்ளல் தகும் எனக் காண்போம்.

கொள்ளத்தக்கவை

மலர் பூசைக்கும் சித்த மருந்துக்கும் உரியது. இதழ்களுக்கிடையே வண்டு, எறும்பு உள்ளனவா என நோக்கி, அவற்றை ஊறின்றி அகற்றிய பின்னரே ஆலயத்திற்குக் கொணர்தல் வேண்டும். இலை உண்கலமாகும், பூக்களைப் பொதியவும் உதவும். தண்டின் நூலால் விளக்குத் திரி செய்வர். பொகுட்டில் விளையும் மணிகள் உணவாகும். இக்காலத்தில் 'தாமரை விதை' என்னும் பெயரால் விற்கப்படும் மக்கானாவோ, பீகாரில் மிகுதியாக விளையும் வேறொரு நீர்ச்செடியின் பொரித்த விதையாகும்.

விலக்கத்தக்கது

சேற்றில் படரும் கிழங்கைப் பிறர் கறியாகவும் வற்றலாகவும் உண்பர். நமக்கு அது கந்தமூலம். அதனை அகழ்ந்தால் செடி மாய்வதோடு, அதனைச் சார்ந்த அனந்த சீவன்களும் சேற்றுயிர்களும் மடியும்.

ஒட்டாமையின் உண்மைப் பொருள்

தாமரை இலையின் மேற்பரப்பில் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் உள்ளன. ஆதலின் நீர் ஒட்டாது உருண்டோடுகிறது. பற்றற்ற ஆன்மாவுக்கு இதனை உவமை கூறுவர். ஆயினும் அச்செடியின் வேர் அந்நீரையே பருகி வாழ்கின்றது. நீர் நஞ்சானால் தாமரையும் நலிவுறும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வரலாற்றை நாம் அறிவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

'தோல் தொழில் நமதன்று' என ஒதுங்கியிருத்தல் ஒட்டாமை ஆகாது. அந்நீரை நம்பி வாழும் உழவரும், ஆலைத் தொழிலாளரும், மீனும், தவளையும் உயிர்களே. தோற்காலணி, தோற்பை முதலியவற்றை விலக்குவது நம் அறத்தின் ஒரு பாதி. ஊர்க்குளத்தையும் ஆற்றையும் காக்க அயலாரோடு கைகோத்தல் மறு பாதி. இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே தாமரை மலரும்.

அறம் வளர்க!