காந்தங்களின் இக்கட்டு

'ஃபிரஸ்ட்ரேஷன்' என்றதும் 'விரக்தி' என்றுதான் நாம் மொழிபெயர்ப்போம். இயற்பியல் பயிலும் எனக்குக் காந்தவியலில் இச்சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. காரணத்தைப் பார்ப்போம்.

ஒவ்வோர் அணுவின் காந்தத்தையும் ஓர் அம்பாகக் கொள்வோம். எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள்களில் அடுத்தடுத்த அம்புகள் எதிரெதிர்த் திசையை நாடும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் இது எளிது: மேல், கீழ், மேல், கீழ். முக்கோணத்தில்? முதல் அம்பு மேல், இரண்டாவது கீழ். மூன்றாவது எப்படித் திரும்பினாலும் ஒரு விதி மீறப்படும். அம்புகளை அமைக்கக்கூடிய எட்டு வழிகளில் ஆறு, சம அளவில் சிறந்தவை, எதுவும் முழுமையன்று.

இத்தகைய முக்கோணங்கள் மூலைகளில் இணைந்தால், ஜப்பானியக் கூடைப் பின்னலின் பெயரைக் கொண்ட 'ககோமே' வலை உருவாகும். ஸ்ட்ரோன்டியம், குரோமியம், காலியம் கலந்த ஓர் அடுக்கு ஆக்சைடில் குரோமிய அயனிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இவ்வலையில் அமைந்துள்ளன. இங்கே அம்புகள் எத்திசையிலும் திரும்பலாம். ஆயினும் சம ஆற்றலுள்ள அமைப்புகள் எண்ணிலடங்கா.

இதன் விளைவு வியப்பானது. அம்புகளுக்கு இடையிலான விசையின் அளவு ஏறத்தாழ 500 கெல்வின். அறை வெப்பநிலையோ சுமார் 300 கெல்வின். ஆகவே அறை வெப்பநிலையிலேயே அவை ஒழுங்குக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 3 முதல் 5 கெல்வின் வரை குளிர்வித்த பின்னரே உறைகின்றன. அப்போதும் ஒழுங்கு இல்லை. கண்ணாடியில் அணுக்கள் நிற்பதுபோல் தாறுமாறாக நிற்கின்றன. இதுவே 'தற்சுழற்சிக் கண்ணாடி' நிலை.

இதனை எவ்வாறு கண்டறிவது? மாதிரியைக் காந்தப்புலமின்றிக் குளிர்வித்து, பிறகு சிறு புலமிட்டு அளக்க வேண்டும். அடுத்து, புலத்துடனேயே குளிர்வித்து அளக்க வேண்டும். உறைநிலைக்கு மேல் இரு வளைகோடுகளும் ஒன்றே, கீழே பிரிந்துவிடும். பொருள் தான் வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது!

வழக்கமான தற்சுழற்சிக் கண்ணாடிகளில் கலப்பணுக்களின் ஒழுங்கின்மை முக்கியக் காரணம். இந்த ஆக்சைடிலும் குரோமியத்தின் சில இடங்களைக் காலியம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தாழ்வெப்பநிலையில் இதன் வெப்ப ஏற்புத்திறன், அவற்றில் உள்ளதுபோல் வெப்பநிலைக்கு நேர்விகிதமாக இல்லாமல், அதன் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே கலப்பை மட்டும் காரணமாக்கிவிட முடியாது, வடிவமைப்புக்கும் பங்குண்டு.

விரக்தி என்பது முயற்சியைக் கைவிட்ட மனநிலை. இந்த அம்புகள் எதையும் கைவிடவில்லை. எல்லா விதிகளுக்கும் ஒருசேர இணங்க முடியாமல் நிற்கின்றன. அதற்கு நம்மிடம் 'இக்கட்டு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'காந்த இக்கட்டு' என வழங்கலாம் என்பது என் பரிந்துரை. பொருளறிந்து பெயரிட்டால்தான் அறிவியல் தமிழ் வளரும்.