பாட்டும் நடனமும் போனில்: கேட்கவும் பார்க்கவும் நன்றாக வர

பிள்ளை பாடியதையும் ஆடியதையும் போனில் எடுத்து ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்புகிறோம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுமையாகப் பார்ப்பார்கள். ஒலி கரகரத்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் கவனம் ஒலிக்கு.

1. வீட்டில் பதிவு செய்வதானால் ஹாலைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தை, தலையணை, துணிமணி எல்லாம் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். ஹாலில்தான் இடம் என்றால் ஜமக்காளம் விரித்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள். பாடி முடிக்கும்வரை மின்விசிறி வேண்டாம்.

2. பாடுபவருக்கு மூன்று நான்கு அடி தூரத்தில், மிருதங்கத்தைவிட குரலுக்குப் பக்கமாகப் போனை வையுங்கள். மேல் ஸ்தாயியில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள், மிருதங்கத்தில் பலமாக ஒரு தீர்மானம் வைக்கச் சொல்லுங்கள். அதைப் பதிவு செய்து இயர்போனில் கேளுங்கள். உடைந்து கேட்டால் போனைத் தள்ளி வையுங்கள். பதிவாகும்போதே உடைந்த ஒலியை எந்த ஆப்பாலும் முழுசாக மீட்க முடியாது.

3. இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இது மிக முக்கியம். ஒரே சீராக ஒலிப்பதை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் அப்படித்தானே ஒலிக்கின்றன? பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் சுருதி அமுங்கிப்போகும். நீண்ட கார்வை தேய்ந்து முடிவதற்குள் அறுந்துவிடும். கேட்பவருக்குப் பிள்ளை சுருதி விலகிப் பாடுவதுபோலத் தோன்றும். ஜூமில் பாட்டு வகுப்பு, கச்சேரி என்றால் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். எடிட்டிங் ஆப்களில் குரலைச் சுத்தம் செய்யும் பட்டன் பேச்சுக்கு மட்டும், பாட்டுக்கு வேண்டாம்.

4. புளூடூத் இயர்போனின் மைக்கில் பாட்டைப் பதியாதீர்கள். பெரும்பாலும் போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும். சாதாரண வயர் மைக் அதைவிட மேல்.

5. நடனத்துக்குப் போனைக் குறுக்குவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தலை முதல் பாதம் வரை படத்துக்குள் இருக்க வேண்டும். பாதம் தெரியாத அடவைப் பார்த்து என்ன பயன்? வெளிச்சம் நன்றாக இருந்தால் நொடிக்கு 60 ஃபிரேம் வையுங்கள், வேகமான கால்கள் குழம்பாமல் தெரியும். திரையில் ஆடுபவரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஜரிகை பளிச்சிடும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்காது.

6. டியூப்லைட், சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், புரோ மோடில் ஷட்டரை 1/100 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது பொருந்தும்.

7. பெரிய அரங்கில் பின்வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால் சலங்கைச் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தும். துரித ஜதியில் அது நன்றாகவே தெரியும். பின்னாலிருந்துதான் எடுக்க முடியும் என்றால், மேடையோரம் இன்னொரு போனில் ஒலியை மட்டும் பதியுங்கள். தொடக்கத்தில் மேடையில் ஒருவர் பலமாகக் கைதட்டட்டும். கை சேருகிற காட்சியையும் தட்டல் சத்தத்தையும் எடிட்டிங்கில் ஒன்றாக வைத்தால் போதும். மைக்செட்காரரிடம் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் கிடைத்தால் இன்னும் நல்லது.

8. லென்ஸைத் துடையுங்கள். ஏரோப்ளேன் மோடு போடுங்கள்.

9. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எச்.டி. என்று தேர்ந்தாலும் ஓரளவு சுருக்கம் உண்டு. 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை எடுத்தபடியே போய்ச் சேரும்.

10. நிறையப் பேருக்கு என்றால் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றி லிங்க் அனுப்புங்கள். ஏற்றியவுடன் மங்கலான பதிப்புதான் முதலில் வரும். தெளிவான பதிப்பு தயாராகும்வரை பொறுத்து, பிறகு அனுப்புங்கள்.

11. போனில் இடமில்லை என்று ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போனதைத் திரும்ப வாங்கினாலும் பழைய தரம் வராது.