கிணற்றடியும் முதுமையும்



உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய தாயோ தகப்பனோ இருந்தால், அவர் கிணற்றடிக்குச் சென்று குளித்து வருவதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பாசி படிந்த கல்லைக் கண் பிரித்தறிய வேண்டும். வழுக்கலைப் பாதம் உணர வேண்டும். குனிந்து வாளியைத் தூக்கும்போது உடல் சரியாமல் நிற்க வேண்டும். மாற்றுத்துணியை எங்கே வைத்தோம் என்ற ஞாபகமும் வேண்டும். இன்று பல வீடுகளில் மோட்டரும் குழாயும் வந்துவிட்டன. ஈரத்தரை மட்டும் அப்படியே இருக்கின்றது.

முதியோர் எவ்வளவு தூரம் தம் காலில் நிற்கின்றனர் என்பதை அளக்க, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் சிட்னி காட்ஸ் என்னும் வைத்தியரும் அவரது குழுவினரும் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், மலகூடம் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறும் அதில் அடங்கும். பிறர் உதவி முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் குளிப்பதற்கே. இறுதிவரை எஞ்சுவது தானாக உண்ணும் ஆற்றல். குழந்தை கற்றுக்கொண்ட வரிசை இங்கே தலைகீழாகின்றது. ஆகவே, "அம்மா இரண்டு நாளாகக் குளிக்கவில்லை" என்று யாரேனும் சொன்னால், சோம்பல் என்று அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

எதன் அறிகுறி? நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி செல்கின்றது. ஒன்று தளர்ந்தால் மற்றவை ஈடுசெய்யும். நீண்டகால நீரிழிவினால் பாதம் மரத்துப்போன ஒருவர், தம்மை அறியாமலே கண்ணை நம்பி நடக்கின்றார். பகலில் குறையொன்றும் தெரியாது. பொழுதுபட்டபின் வளவின் கோடியிலுள்ள மலகூடத்துக்குப் போகும்போது விழுகின்றார். நாமோ முழங்காலுக்கு எண்ணெய் பூசுகின்றோம்!

ஞாபகமும் கவனமும்கூட நடையோடு சேர்ந்தவையே. 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், முதியோர் விடுதியில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினர். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தனர். ஒருகாலத்தில் நினையாமலே நடந்த கால்கள், இப்போது மூளையின் முழுக் கவனத்தையும் கேட்கின்றன.

செவிப்புலனையே நாம் மிகவும் அலட்சியம் செய்கின்றோம். ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வந்தால், "அப்புவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகின்றோம். காதில் குறும்பி அடைத்திருந்ததா என்று யார் பார்த்தார்? 'லான்செற்' மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மறதிநோய்க்கு வழிவகுப்பனவும் நம்மால் மாற்றக்கூடியனவுமான 14 காரணிகளுள் செவிக்குறைவும், சிகிச்சை பெறாத பார்வைக்குறைவும் இடம்பெற்றுள்ளன.

நடையின் பெறுமதியை நம்மவர்க்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நடக்க முடியாத முதியோர் சிலர் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முதியோர் இல்லமா, உறவினர் வீடா என்ற பேச்சு எழுந்துவிடும்.

ஆயினும் திரும்பப் பெறக்கூடியவை பல. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கண்புரை அறுவைச் சிகிச்சையைத் தாமதமின்றிப் பெற்றவர்கள், காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாக விழுந்தனர். மலகூட வழியில் ஒரு மின்விளக்கு, குளிக்குமிடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத செருப்பு: இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பாசத்தின் பெயரால் நாம் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று முற்றம் கூட்டும் விளக்குமாற்றையும் கறி நறுக்கும் கத்தியையும் கையிலிருந்து வாங்கிவிடுகின்றோம். வேலையில்லாத தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். என் எண்ணப்படி, நமது வீடுகளில் முதியோரை முடக்குவதில் நோய்க்கு அடுத்தபடி இந்த உபசாரமே நிற்கின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிறு சோதனை ஒன்று செய்யுங்கள். கதிரையில் இருக்கும் தாயை எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ சென்றால் விழும் ஆபத்து உண்டு. வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். போகும்போது அவர் எடுக்கும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுபோங்கள்; நித்திரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்கூட ஆளைத் தள்ளாட வைப்பதுண்டு.