எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது

கலசப்பாக்கத்தில் இருந்தபடி ஆரணிப் பட்டுக் கடைகளுக்கான பில் மென்பொருளைக் கவனித்துவருகிறேன். கரண்ட் போவதும் நெட் துண்டிக்கப்படுவதும் இங்கே புதிதல்ல. பழுதே வராத மென்பொருளை யாராலும் எழுத முடியாது. பழுது வரும்போது எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவைக்க முடியும். இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்ததில் இதுதான் முதன்மையானது.

கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் விற்பனை அறிக்கை தாமதமாகலாம், எஸ்எம்எஸ் போகாமல் இருக்கலாம். பில் மட்டும் நிற்கக் கூடாது. அதனால் எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பில்லும் முதலில் கடைக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும். நெட் வந்த பிறகு சர்வருக்குப் போகும். இந்த முடிவிலிருந்துதான் மற்ற பாடங்களும் வந்தன.

விடாமல் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாடெங்கும் யுபிஐ தடுமாறியது. சில வங்கிகளின் கணினிகள் 'அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா' என்று திரும்பத் திரும்பக் கேட்டதால் நெரிசல் ஏற்பட்டதாக யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது. பிறகு இத்தகைய கேள்விகளுக்கு வரம்பும் இடைவெளியும் விதித்தது.

தளர்ந்திருக்கும் சர்வரை ஓயாமல் கேட்டால் அது எழுந்திருக்கவே முடியாது. இரண்டு விநாடி, நான்கு, எட்டு என இடைவெளியைக் கூட்டுங்கள். எல்லாக் கடைகளும் ஒரே நொடியில் கேட்காதபடி அதில் சிறு வித்தியாசமும் வையுங்கள். பதில் வராவிட்டால் 'நிலுவை' என்று குறித்துவிட்டு, கல்லாவில் இருப்பவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு பணப்பதிவுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் ஏற்காதபடி செய்தால் ஒரே தொகை இருமுறை ஏறாது.

சிறு பிழையை அன்றே பாருங்கள்

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் நிறுத்தி, அங்கேயே முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார். விட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு துணி நெடுக ஓடும். மென்பொருளிலும் 'எப்போதாவது வரும்' பிழைச்செய்தியை அப்படித்தான் நடத்த வேண்டும். கூட்டமான நாளில் கடையை நிறுத்துவது பெரும்பாலும் அதுவே.

நல்ல நாளில் ஒத்திகை பாருங்கள்

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. பல வகை பேக்அப் ஏற்பாடுகள் இருந்தும் அவசரத்துக்கு அவை கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. பேக்அப் எடுப்பது பாதி வேலைதான். அதை வேறொரு கணினியில் மீட்டு, பில் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடியும். அதேபோல், பில் நிற்காமல் ஓடுகிறதா என்று அறிய, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நெட் கேபிளை நாங்களே கழற்றிப் பார்க்கிறோம்.

ஆளைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

1979 ஆகஸ்ட் 10 அன்று இஸ்ரோவின் எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்எல்வி-3 வெற்றிபெற்றபோது, பத்திரிகையாளர்களிடம் பேசத் தவான் கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொன்னார்.

தலைவர் அடியைத் தாங்கினால்தான் குழுவினர் உண்மையைச் சொல்வார்கள். எனவே பழுதுக்குப் பின் நடக்கும் கூட்டத்தில் 'யார் செய்தது' என்று நாங்கள் கேட்பதில்லை. 'இப்படி நடக்க எது இடம் கொடுத்தது' என்றுதான் கேட்கிறோம். கண்டறிந்ததை எழுதி வைக்கிறோம்.

ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையும் ஆபத்துதான். அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் வேலை நடக்க வேண்டும். மீட்கும் வழிமுறையைத் தமிழிலேயே எழுதி, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுங்கள். யார் துணையும் இல்லாமல் அவர் செய்து முடித்தால் அந்தக் குறிப்பு சரியானது.

இந்த வாரமே உங்கள் குழுவோடு உட்காருங்கள். நிற்கக் கூடாதது எது, நின்றால் முதலில் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லையோ, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.