கொடுவா மீனும் வாழையிலையும்

பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. 2022ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் உருவானபோது, ஏரியை ஒட்டிய சூளூர்ப்பேட்டையும் அதில் சேர்ந்தது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இத்தகைய நீர்நிலைகளில் வாழும் வெண்தசை மீன் கொடுவா. திருப்பதிக் கடைக்காரருக்கு அப்பெயர் விளங்காமற் போகலாம். ‘பண்டுகப்ப’ என்றால் எடுத்துத் தருவார். பாட்டிக்கோ கொடுவா என்றால்தான் விளங்கும். இரண்டும் அறிந்த பிள்ளையே பெரும்பாலும் கடைக்கு அனுப்பப்படும்!

மீன் துண்டுகளில் மஞ்சள், மிளகுத்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிக் கால்மணி நேரம் ஊறவிடுவர். நெடுநேரம் ஊறினால் புளிப்பினால் தசை இறுகிவிடும். பின்னர், அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வைப்பர். ஓவன் இல்லையெனில் தோசைக்கல் போதும். மூடியிட்டுச் சிறுதீயில் இருபுறமும் வேகவிடலாம். மீனின் நீரே ஆவியாகி இலைக்குள் தங்குவதால் எண்ணெய் அதிகம் வேண்டுவதில்லை. கண்ணாடி போன்றிருந்த தசை பால்வெண்மையாகி, கரண்டி முனை பட்டதும் இதழிதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என அறியலாம். அதற்குமேல் வைத்தால் உலர்ந்துவிடும்.

அருஞ்சொற்பொருள்: பொதிந்து – சுற்றி மூடி, அனல் – நெருப்பின் வெம்மை.

பயிற்சி: வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மூன்று மீன்களின் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக.