கடன் அட்டையும் கணக்குப் பாடமும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலை, காந்தளூர்ச்சாலை என்னும் பழங்காலக் கல்விநிலையத்தோடு இணைத்துப் பேசப்படும் பகுதியாகும். அங்குள்ள இளைஞர்க்கும் ஏனைய நகரங்களின் இளைஞர்க்கும் இன்று கற்பிக்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு.

1980இல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடன் அட்டையை வழங்கத் தொடங்கியது. இவ்வட்டையில் இளைஞர் பெரிதும் ஏமாறுமிடம், மாதப் பட்டியலில் காணும் 'குறைந்தபட்சத் தொகை' எனலாம். நிலுவை 20,000 ரூபாய், மாத வட்டி 3.5 விழுக்காடு, குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு எனக் கொள்வோம். செலுத்துவது 1,000 ரூபாய். அதில் வட்டி 700. வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 126. அசலில் கழிவது 174 ரூபாயே! நிலுவை தீரும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணை பொதுவாகக் கிட்டுவதில்லை.

குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தினால் கடன் பல மாதங்கள், ஆண்டுகள் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிடுமாறு 2022இல் ரிசர்வ் வங்கி பணித்தது; கேளாதவர்க்கு அட்டை அனுப்புவதையும் தடுத்தது. எச்சரிக்கையைப் படிப்போர் சிலரே. ஆதலின், கூட்டுவட்டி கற்பிக்கும் வகுப்பில் மாதிரிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, மேற்கண்ட கணக்கை மாணவரையே பன்னிரண்டு மாதங்களுக்குப் போடச் செய்தல் தகும்.