காருக்குள் ஓடும் கம்பிகள்

நம் வீட்டில் ஒரு பல்பு எரிய இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்றில் மின்சாரம் வரும். மற்றொன்றில் திரும்பிச் செல்லும். ஆனால் பல கார்களில் ஒரு விளக்குக்கு முன்புறத்திலிருந்து நீண்டு வருவது ஒரே ஒயர்தான். அப்படியானால் மின்சாரம் திரும்பும் வழி எது? காரின் இரும்பு உடல்தான்! பாட்டரியின் எதிர்முனையைத் தடித்த கேபிளால் உடலோடு இணைத்திருப்பார்கள். விளக்கின் மறுமுனையை அருகிலுள்ள தகட்டில் திருகாணியால் இறுக்கிவிட்டால் மின்சுற்று முழுமையாகிவிடும். ஒர்க்ஷாப்பில் இதை 'எர்த்' என்பார்கள். டயர்கள் ரப்பர் ஆதலால், பூமிக்கும் இதற்கும் உண்மையில் தொடர்பே இல்லை!

இதனால் ஏராளமான கம்பி மிச்சமாகிறது. கூடவே ஓர் அபாயமும் வருகிறது. எந்த ஒயரின் உறையாவது தேய்ந்து தகட்டைத் தொட்டால், அங்கேயே சுற்று முடிந்துவிடும். நடுவில் விளக்கின் தடை இல்லாததால் மின்னோட்டம் பன்மடங்கு பாயும்.

12 வோல்ட்தானே, மெல்லிய ஒயர் போதாதா என்று கேட்கலாம். தோழியரே, கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு எடுப்பது கால் ஆம்பியர் அளவே. அதே 60 வாட் முகப்பு விளக்குக்குக் காரில் 5 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய இருபது மடங்கு! கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் உயரும் என்ற ஜூல் விதியைப் பாடத்தில் படித்தோம் அல்லவா? ஆகவேதான் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பருமனில் ஒயர் போடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் தடித்தது, செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் கேபிள். எஞ்சினைச் சுழற்றும் அந்தச் சில விநாடிகளில் அதில் 150 ஆம்பியர்கூட ஓடலாம். வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1½ வோல்ட் வீணாகும். பாட்டரி முனையில் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டித் துடைத்ததும் அசையாத வண்டி சில வேளை கிளம்பிவிடுவது இதனால்தான்.

காரின் ஒயரை உரித்தால் உள்ளே ஒற்றைக் கம்பி இராது. மெல்லிய செம்பு இழைகள் பல சேர்ந்திருக்கும். ஓயாத அதிர்ச்சியில் ஒற்றைக் கம்பி நாளடைவில் ஒடிந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் ஒயர் வேறு வகை. அதன் பருமன் பெரும்பாலும் உறைதான். அதில் மின்னோட்டம் சொற்பம், மின்னழுத்தமோ பல ஆயிரம் வோல்ட். (புதிய கார்கள் பலவற்றில் இக்னிஷன் காயில் பிளக்கின் தலைமேலேயே அமர்ந்துவிட்டதால் இந்த ஒயரே இல்லை.) மின்சாரக் கார்களில் சில நூறு வோல்ட் பாயும் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிற உறை போடுகிறார்கள். இன்னொரு வகை, ஒன்றோடொன்று முறுக்கிய இரு மெல்லிய ஒயர்கள். 1986-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையில் இவை காரின் கணினிகளுக்கிடையே செய்தி மட்டும் சுமக்கின்றன.

இவற்றில் பெரும்பாலான ஒயர்களுக்குக் காவல் பியூஸ்தான். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. என் மாமா ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு வரும் வண்டிகளைக் கண்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். 10 ஆம்பியர் பியூஸுக்குப் பதில் 30 ஆம்பியர் போடுவதும் அதே தவறுதான். அப்போது முதலில் உருகுவது பியூஸ் அன்று, ஒயரின் உறை! ஒரே கட்டில் உள்ள மற்ற ஒயர்களுக்கும் தீ பிடிக்கும். அதுவும் டாஷ்போர்டுக்குப் பின்னால், நம் முழங்காலுக்கு எதிரே.

புதிய பியூஸும் போட்டவுடனே போய்விட்டால், எங்கோ ஓர் ஒயர் உடலைத் தொடுகிறதா என்று தேட வேண்டும். மாமா முதலில் பார்ப்பது, ஒயர்க் கட்டு இரும்புத் தகட்டின் துளைக்குள் நுழையும் இடங்களைத்தான். அத்துளைகளின் விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது காய்ந்து, வெடித்து, உதிர்ந்துபோனால் தகட்டின் கூரிய விளிம்பு உறையைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். அவர் அறுபட்ட ஒயரைச் சரிசெய்து, புது வளையம் பொருத்திய பிறகே அடுத்த பியூஸைக் கையில் எடுப்பார்.